‘ஹீ இஸ் டேஞ்சரஸ்’ என்றால் ஆபத்து யாருக்கு?

மலையேறப் போன நண்பன் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டான் என்று வையுங்கள். மீட்புக் குழுவுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்ப வேண்டும். பதற்றத்தில் விரல் தட்டுகிற வாக்கியம் இப்படி அமைகிறது: ‘மை ஃப்ரெண்ட் இஸ் வெரி டேஞ்சரஸ், ப்ளீஸ் கம்.’ படிக்கிறவருக்குக் கிடைக்கும் பொருளோ, ‘என் நண்பன் பொல்லாதவன், கிட்டே போனால் அடித்துவிடுவான்’ என்பது. வருகிறவர்கள் கயிற்றோடு வருவார்களா துப்பாக்கியோடு வருவார்களா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

தமிழில் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை. ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்லோடு ஓர் உருபையோ விகுதியையோ ஒட்டி வேலையை முடித்துவிடுகிறோம். அதிலும் ‘ஆபத்தான’ என்பது இரண்டு பக்கமும் போகும். ‘ஆபத்தான நாய்’ என்றால் அது கடிக்கும். ‘ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்’ என்றால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆங்கில ‘டேஞ்சரஸ்’ ஒரு பக்கம்தான் போகும். தீங்கு எதிலிருந்து வருமோ அதற்கு மட்டுமே அந்த அடைமொழி. தீங்கு யாருக்கு வருமோ அவர் ‘இன் டேஞ்சர்’. நோயாளியின் ‘ஆபத்தான நிலை’யை ஆங்கிலத்தில் ‘கிரிட்டிக்கல் கண்டிஷன்’ என்பார்கள். ‘டேஞ்சரஸ் கண்டிஷன்’ என்பது இடிந்து விழப்போகிற கட்டடத்துக்குப் பொருந்தும். உள்ளே படுத்திருக்கிறவருக்குப் பொருந்தாது.

ஆகவே ஆபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வாய் திறக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தீங்கு எங்கிருந்து யாரை நோக்கி வருகிறது? இப்போது எவ்வளவு அருகில் இருக்கிறது? தனிச் சொல்லோ மரபுத்தொடரோ, எல்லாமே இந்த இரண்டுக்குள் எங்கேயோ ஓர் இடத்தில் நிற்பவைதான். பொருளை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் அந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

இன், அட், அண்டர்

முதலில் முன்னிடைச் சொற்கள். ‘இன் டேஞ்சர்’, ‘இன் பெரில்’, ‘இன் ஜெபர்டி’ ஆகிய மூன்றுக்கும் ‘இன்’. ‘ரிஸ்க்’ என்றால் ‘அட் ரிஸ்க்’. ‘த்ரெட்’ என்றால், மிரட்டல் தலைக்கு மேல் நிற்பதுபோல், ‘அண்டர் த்ரெட்’. ‘இன் ரிஸ்க்’, ‘அட் டேஞ்சர்’ இரண்டும் பிழை. இதற்குக் காரணம் கேட்டுப் பயனில்லை. ‘பயம்’ என்றால் ‘படுகிறேன்’, ‘கோபம்’ என்றால் ‘வருகிறது’ என்று நாம் சொல்வதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்.

‘இன் டேஞ்சர் ஆஃப்’ என்று நீட்டினால் பின்னால் ‘இங்’ விகுதியோடு வினை வரும்: ‘த வால் இஸ் இன் டேஞ்சர் ஆஃப் ஃபாலிங்’, சுவர் விழும் அபாயத்தில் இருக்கிறது. ‘ரிஸ்க்’ வினையாக வந்தாலும் அப்படியே. ‘ஹீ ரிஸ்க்ட் லூஸிங் ஹிஸ் ஜாப்’ என்றுதான் வரும், ‘ரிஸ்க்ட் டு லூஸ்’ வராது. தேர்வுத் தாள்களில் மதிப்பெண் குறையும் இடம் இது.

‘அட் ஸ்டேக்’ என்பதை ‘அட் ரிஸ்க்’ போலவே பாவிக்கிறவர்கள் உண்டு. ‘ஸ்டேக்’ என்பது சூதாட்டத்தில் வைக்கும் பணயம். எது பறிபோகக்கூடுமோ அதைத்தான் ‘அட் ஸ்டேக்’ என்பார்கள். ஒருவரின் பெயர், வேலை, உயிர் ‘அட் ஸ்டேக்’ ஆகலாம். ஆள் முழுவதாக ‘அட் ஸ்டேக்’ ஆவதில்லை. பணயத்தில் வைக்கப்பட்ட பாஞ்சாலியை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம்.

சூது இங்கே தற்செயலாக வரவில்லை. ‘ஹசார்ட்’ என்பது இடைக்கால ஐரோப்பாவில் ஆடிய ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். ‘ஜெபர்டி’ வந்தது பழைய பிரெஞ்சு ‘ஜூ பார்ட்டி’யிலிருந்து, வெற்றியும் தோல்வியும் சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் ஆட்டம் என்று பொருள். ‘டேஞ்சர்’ மட்டும் வேறு வழி. அதன் வேர் லத்தீன் ‘டாமினஸ்’, அதாவது எசமான். ஒரு காலத்தில் ஒருவரின் ‘டேஞ்சரில்’ இருப்பது என்றால் அவருடைய அதிகாரத்துக்குள், அவர் நினைத்தால் தண்டிக்கலாம் என்ற நிலையில் இருப்பது. ‘உள்ளே இருப்பது’ என்ற அந்தப் பழைய நினைவு ‘இன்’ என்பதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டால் மறக்காது.

ஈரத் தரை ரிஸ்க் அல்ல

பேச்சில் கலந்து புழங்கினாலும், பாதுகாப்புத் துறையில் ‘ஹசார்ட்’ வேறு, ‘ரிஸ்க்’ வேறு. தரையில் எண்ணெய் சிந்திக் கிடக்கிறது. அந்த எண்ணெய் ‘ஹசார்ட்’, தீங்கின் ஊற்று. அதில் யாராவது வழுக்கி விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு அடி படும் என்ற இரண்டும் சேர்ந்த மதிப்பீடு ‘ரிஸ்க்’. பூட்டிய அறைக்குள் எண்ணெய் சிந்தியிருந்தால் ஹசார்ட் அப்படியே இருக்கிறது, ரிஸ்க் ஏறக்குறைய இல்லை. அதே எண்ணெய் மாடிப்படியின் முதல் படியில் இருந்தால் ஹசார்ட் மாறவில்லை, ரிஸ்க் எகிறிவிட்டது. பணியிடப் பாதுகாப்புப் படிவத்தில் ‘ஹசார்ட்’ என்ற கட்டத்துக்குள் ‘விழுந்து கால் உடையும்’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே எழுத வேண்டியது ‘தரையில் எண்ணெய்’.

‘த்ரெட்’ பெரும்பாலும் நோக்கத்தோடு வருவது. பின்னால் ஓர் ஆளோ அமைப்போ இருக்கும். ஆனாலும் வறட்சியையும் நோயையும் ‘த்ரெட்’ என்பதுண்டு. ‘பெரில்’ இலக்கிய வாடை அடிக்கும் சொல். கடல், போர், காப்புறுதிப் பத்திரம் ஆகிய இடங்களைத் தாண்டி அன்றாடப் பேச்சில் அதிகம் வராது.

எச்சரிக்கைப் பலகைகளில் இந்தத் துல்லியம் இன்னும் கறார். அமெரிக்காவின் ஆன்ஸி இசட்535 தரநிலைப்படி, தலைப்பில் ‘டேஞ்சர்’ என்று சிவப்பில் இருந்தால், விலகாவிட்டால் சாவு அல்லது படுகாயம் நிச்சயம். ‘வார்னிங்’ என்று ஆரஞ்சில் இருந்தால் சாவோ படுகாயமோ நேரக்கூடும். ‘காஷன்’ மஞ்சள், சிறிய அல்லது நடுத்தரக் காயம். நீல ‘நோட்டீஸ்’ ஆளுக்கு அடி படுவதைப் பற்றியதே அல்ல, பொருள் பழுதாகும் என்பது போன்ற விஷயங்களுக்கு. முதல் இரண்டுக்கும் இடையே இருக்கும் வேறுபாடு ‘வில்’, ‘குட்’ என்ற இரண்டு துணைவினைகளின் வேறுபாடுதான். வேதிப்பொருள் புட்டிகளுக்கு ஐ.நா.வின் ஜிஹெச்எஸ் முறையில் இரண்டே சொற்கள்: கொடியதற்கு ‘டேஞ்சர்’, அடுத்ததற்கு ‘வார்னிங்’.

புட்டி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றும். ‘இன்ஃப்ளேமபிள்’ என்றாலும் எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள். ‘இன்’ சேர்ந்தால் எதிர்மறை என்று பள்ளியில் படித்த விதி இங்கே ஆளைக் கொல்லும். தீப்பற்றாதது ‘நான்-ஃப்ளேமபிள்’. தவறான புரிதலுக்கு இடம் வைக்கக் கூடாது என்றுதான் லேபிள்களில் இப்போது ‘ஃப்ளேமபிள்’ என்ற சொல்லையே அச்சிடுகிறார்கள்.

இன்னொரு இரட்டையர் ‘இமினென்ட்’டும் ‘எமினென்ட்’டும். ‘இமினென்ட் டேஞ்சர்’ என்றால் இதோ வந்துவிட்டது என்று கண்முன் நிற்கும் ஆபத்து. ‘எமினென்ட்’ என்றால் புகழ்பெற்ற. முதல் எழுத்தை மாற்றினால் ‘மாண்புமிகு ஆபத்து’ ஆகிவிடும். ‘இமினென்ட்’டின் லத்தீன் வேருக்கு ‘மேலே தொங்குதல்’ என்று பொருள். ‘சோர்ட் ஆஃப் டாமக்ளீஸ்’ என்ற தொடரின் காட்சியும் இதேதான். சிரக்யூஸ் மன்னன் டயனீஷியஸைப் பார்த்து, உம்மைப் போல் பாக்கியசாலி உண்டா என்று டாமக்ளீஸ் முகத்துதி செய்கிறான். மன்னன் அவனைத் தன் இருக்கையில் அமர்த்தி விருந்து வைக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் ஒற்றைக் குதிரைமயிரில் ஒரு வாள் தலைக்கு நேரே தொங்குகிறது. ரோமானிய அறிஞர் சிசரோ சொன்ன கதை இது. நம் ‘தலைக்கு மேல் கத்தி’ ஏறக்குறைய ஈடு. ஆனால் ஆங்கிலத் தொடர், கத்தி விழும் நாள் தெரியாமல் நீண்ட காலம் அதன் கீழேயே வாழ்வதைக் குறிக்கும். நாளைக் காலைத் தேர்வுக்கு அதைச் சொன்னால் பொருந்தாது.

மரபுத்தொடர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

‘ஆன் தின் ஐஸ்’ என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். குளிர்நாட்டு ஏரி உறைந்திருக்கிறது. ஆள் நடந்துபோகத் தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிமனாவது இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாகத் தரும் அறிவுரை. மெலிந்த இடத்தில் கால் வைத்தவனுக்கு அடியில் விரிசல் விடும் ஓசை கேட்கிறது. இன்னும் விழவில்லை. திரும்பி வர வாய்ப்பு உண்டு, இன்னோர் அடி எடுத்து வைத்தால் இல்லை. தொடர் நிற்பது சரியாக அந்த நொடியில். மூன்றாவது முறை தாமதமாக வந்த ஊழியரிடம் மேலாளர் ‘யூ ஆர் ஆன் தின் ஐஸ்’ என்பார். அடுத்த வாரம் வேலையை விட்டு அனுப்பிய பிறகு அந்தத் தொடருக்கு வேலை இல்லை. இன்னொன்று, அந்த ஏரியில் கால் வைத்தது அவரேதான். யார் வம்புக்கும் போகாதவருக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தை ‘தின் ஐஸ்’ என்று சொல்ல மாட்டார்கள்.

‘இன் ஹாட் வாட்டர்’ அடுத்த கட்டம். ஏற்கெனவே உள்ளே விழுந்தாயிற்று. ஆனால் இந்த வெந்நீர் உடலைச் சுடாது. திட்டு, விசாரணை, அபராதம் இப்படித்தான் சுடும். கணக்கைத் தப்பாகக் காட்டியவர் ‘இன் ஹாட் வாட்டர்’. ஆற்றில் அடித்துப்போகிறவரைச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். இடையில் ‘த’ சேர்த்து ‘இன் த ஹாட் வாட்டர்’ என்றால் உண்மையிலேயே கொப்பரைக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆகும். மரபுத்தொடரில் ஒரு சிறு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மரபை விட்டு நேர்ப்பொருளுக்கு இறங்கிவிடும்.

தண்ணீர்த் தொடர்களில் தமிழும் சளைத்ததில்லை. ‘அவுட் ஆஃப் யுவர் டெப்த்’ என்பது ஆழம் தெரியாமல் காலை விட்டவரின் நிலை. ‘இன் ஓவர் யுவர் ஹெட்’ என்றால் தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது. ‘டைகர் பை த டெய்ல்’ அப்படியே புலிவாலைப் பிடித்த கதை. இரண்டு பக்கமும் வழி இல்லாதபோது ‘பிட்வீன் அ ராக் அண்ட் அ ஹார்ட் ப்ளேஸ்’, அல்லது ‘பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் ப்ளூ ஸீ’. நம்மிடம் இருதலைக்கொள்ளி எறும்பு. எறும்பின் நிலை ஒரு படி கொடியது என்று சொல்லலாம், ஏனென்றால் நெருப்பு அதை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டவருக்கு ஆங்கிலத்தில் ‘ஆஸ்கிங் ஃபார் ட்ரபிள்’ என்று சப்பென்று ஒரு தொடர்தான் இருக்கிறது. ஓணானின் சுவை அதில் இல்லை.

நெருப்பில் கவனம் வேண்டும். ‘ப்ளேயிங் வித் ஃபயர்’ நெருப்போடு விளையாடுவதேதான். ‘அண்டர் ஃபயர்’ என்றால் துப்பாக்கிச் சூட்டுக்கோ கடும் கண்டனத்துக்கோ ஆளாகியிருப்பது. ‘ஆன் ஃபயர்’ என்பது வீடு பற்றி எரியும்போதும் வரும், விளையாட்டு வர்ணனையில் ஒருவர் வெளுத்து வாங்கும்போதும் வரும். ‘ஹீ இஸ் ஆன் ஃபயர்’ என்று கேட்டால் வாளியைத் தூக்குவதா கைதட்டுவதா என்பதை இடம்தான் சொல்லும்.

எழுத்தில் எளிது, வாயில் கடினம் என்று ஒரு ஜோடி இருக்கிறது. ‘அண்டர் த்ரெட்’ என்பதில் வருவது மிரட்டல். ‘ஹேங்கிங் பை அ த்ரெட்’ என்பதில் வருவது நூல், நூலிழையில் தொங்குவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதைப் பார்க்கிறீர்கள்; பலர் வாயிலும் ஒன்றுபோலவே விழுகின்றன. மிரட்டலின் கடைசி ஒலி ‘பட்டு’ என்பதில் வரும் டகரம்போல் வன்மையாக, வெடுக்கென்று நிற்கும். நூலின் கடைசி ஒலி ‘பண்டம்’ என்பதில் வரும் டகரம்போல் அதிர்வோடு மென்மையாக முடியும்; அதற்கு முந்தைய எகரமும் இம்மி நீளும்.

தப்பித்த பிறகு சொல்ல ‘க்ளோஸ் கால்’, ‘க்ளோஸ் ஷேவ்’, ‘நேரோ எஸ்கேப்’ உண்டு. மூன்றுக்கும் மயிரிழையில் தப்பியது போதும். ‘டாட்ஜ்ட் அ புல்லட்’ என்றால் குண்டு மேலே படவே இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பழமொழியை இதற்கு ஈடாகப் பலர் போடுகிறார்கள். அதில் தலைப்பாகை போயிருக்கிறதே! சிறு இழப்போடு தப்பியதற்குத்தான் அது. ‘நியர் மிஸ்’ என்பதை ‘கிட்டத்தட்டத் தவறியது’ என்று பிரித்துப் படித்தால் மோதிவிட்டது என்று தோன்றும். மோதவில்லை, மிக அருகில் தவறியது. ‘அவுட் ஆஃப் த வுட்ஸ்’ பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: ‘ஷீ இஸ் நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்’, இன்னும் கண்டம் தாண்டவில்லை. மருத்துவர் வாயிலிருந்து இதைக் கேட்டால் ‘காட்டில் இல்லை’ என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உண்மையான ஆபத்தில் மரபுத்தொடர் வேண்டாம்

இதுவரை சொன்ன அலங்காரங்கள் எல்லாம் ஆற அமரப் பேசுவதற்கு. அந்த நொடியில் வேண்டியது ஓரசை, ஈரசைச் சொற்கள். ‘வாட்ச் அவுட்!’ அல்லது ‘லுக் அவுட்!’ என்று யாராவது கத்தினால் உடனே நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். ‘லுக் அவுட்’ என்றால் வெளியே எட்டிப் பார் என்று பொருள் அல்ல. ரயில் சன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருப்பவரிடம் அப்படிக் கத்தினால், தலையை உள்ளே இழுக்கச் சொல்கிறார்கள். ‘டக்!’ என்றால் வாத்தைத் தேடாமல் குனிய வேண்டும். ‘பீ கேர்ஃபுல்’ முன்கூட்டிச் சொல்வது. ‘டேக் கேர்’ இன்று பெரும்பாலும் விடைபெறும்போது சொல்வது. வண்டி மோத வரும்போது அதைச் சொன்னால் வழியனுப்பி வைத்தது போலாகும்.

சொல் தேர்வு உயிர் விஷயம் என்பதற்கு ஒரு விபத்தே சான்று. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் தரையிறங்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் காத்திருந்தது. எரிபொருள் தீரும் நிலை. விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள். முதல் இறங்கு முயற்சி தவறியபின் கேப்டன் ஸ்பானிய மொழியில் ‘அவசர நிலை என்று சொல்’ என்றார். துணை விமானி ஆங்கிலத்தில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னது: ‘வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்.’ எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது நிலைமையைச் சொல்கிறது, உதவியைக் கோரவில்லை. ‘எமர்ஜென்சி’ என்ற சொல் கடைசிவரை வரவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் வழக்கமான வரிசையிலேயே விமானத்தை நடத்தினார்கள். என்ஜின்கள் நின்று, லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று இதற்கென்று வரையறுத்த சொற்கள் உள்ளன: மேலும் தாமதம் தாங்காது என்றால் ‘மினிமம் ஃப்யூயல்’, அதையும் தாண்டிவிட்டால் ‘மேடே மேடே மேடே ஃப்யூயல்’.

‘மேடே’ 1920களில் லண்டனின் க்ராய்டன் விமான நிலையத்து வானொலி அலுவலர் ஃப்ரெடரிக் மாக்ஃபர்ட் தேர்ந்த சொல். ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலி அது. மே மாதத்தோடு தொடர்பில்லை. 1906 பெர்லின் மாநாடு ஏற்ற ‘எஸ்ஓஎஸ்’ எதற்கும் சுருக்கம் அல்ல. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் தெளிவாகக் கேட்கும் என்பதற்காகத் தேர்ந்தது.

படகிலிருந்து அழைப்பதாக இருந்தால் வரிசை இது. ‘மேடே’ மூன்று முறை. இரைச்சலில் வேறு சொல்லாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவும், இன்னொருவரின் மேடேயைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவும். பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆயிற்று, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள். இடத்தை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இணைப்பு நடுவில் அறுந்தாலும் தேடி வருகிறவர்களுக்கு அது போதும். தொலைபேசியில் அவசர உதவி கேட்கும்போதும் இதே முறைதான். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் விரைவில் உதவி வேண்டும் என்றால் ‘மேடே’ அல்ல, ‘பான்-பான்’, அதுவும் மூன்று முறை.

ஒரு மேடே நடந்துகொண்டிருக்கும்போது மற்றவர்கள் அலைவரிசையில் பேசக் கூடாது. அதை ‘சீலான்ஸ் மேடே’ என்று அறிவிப்பார்கள். எல்லாம் முடிந்து வழக்கமான பேச்சுக்குத் திரும்பலாம் என்றால் ‘சீலான்ஸ் ஃபீனீ’ என்று குரல் வரும். ‘மௌனம் முடிந்தது’ என்ற பிரெஞ்சுத் தொடர் அது. அதன் பிறகு யாரும் பேசலாம்.